உத்தரவு கேட்டலும் குடிபெயர்த்தலும்

ஓர் ஊரில் தலைமுறைகளாக வாழ்ந்து வருவோரைப் பொதுநன்மையின் பெயரால் எழுப்பி வேறிடத்தில் அமர்த்துவது அறமாகுமா என்ற கேள்வி, நில எடுப்புச் சட்டங்களும் இழப்பீட்டுக் கணக்குகளும் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழ்நிலத்தில் எழுந்துவிட்ட கேள்வியாகும். புதுச்சேரியின் ஊரகக் கொம்யூன்களான வில்லியனூரும் பாகூரும் இக்கேள்வியை ஆராய்வதற்கு ஏற்ற களங்கள். ஏனெனில் கோயில், ஏரி, கொடை நிலம், காலனி ஆட்சி, வாக்கெடுப்பு, தொழிற்பேட்டை, மனைப்பிரிவு என, நிலத்தின்மேல் மனிதர் கொண்டாடிய உரிமைகள் அனைத்தும் இச்சிறு பரப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. கொம்யூன் என்பது பிரெஞ்சு ஆட்சி 1880ஆம் ஆண்டு ஆணையால் உருவாக்கிய உள்ளாட்சிப் பிரிவு. பல சிற்றூர்களை உள்ளடக்கிய அப்பிரிவு இன்றும் அதே பெயரில் நீடிக்கிறது.

பாகூரின் பழம்பெயர் வாகூர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாகூரில் இயங்கிய கல்லூரிக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்ட செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. கல்வியைப் பேணுவோர்க்கு விடப்படும் இத்தகைய கொடைக்கு வித்யாபோகம் என்று பெயர். தமிழகத்தின் பழைய உயர்கல்வி நிலையங்களுள் ஒன்றைப் பற்றிய சான்று என்பதால் இச்செப்பேடுகளை வரலாற்று நூல்கள் பெருமையுடன் குறிப்பிடுகின்றன. அப்பெருமையில் குறையொன்றும் இல்லை. எனினும், அக்காலக் கொடை முறையை முழுமையாகப் பார்க்கும்போது, கொடுத்தவரும் பெற்றவரும் மட்டுமன்றி மூன்றாவதாக ஒரு தரப்பும் அங்கே இருந்தது தெரியவரும். அரசனின் ஓலை வந்ததும் நாட்டார், அதாவது அவ்வட்டாரத்துத் தலைமக்கள், அதைத் தலைமேல் வைத்து ஏற்பதும், எல்லையைச் சுற்றிவந்து கல்லும் கள்ளியும் நடுவதும், அந்நிலத்தில் முன்பு உரிமை பெற்றிருந்தோரை மாற்றுவதும் கொடைச் சடங்கின் பகுதிகளாகவே இருந்தன. இவ்வாறு மாற்றப்பட்ட அந்த மூன்றாவது தரப்பின் பெயர் செப்பேடுகளில் பொதுவாக இடம்பெறுவதில்லை.

பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் கோயிலுக்கு விடப்பட்ட நிலங்களை, அதாவது தேவதானங்களை, இரு வகையாகப் பிரிக்கின்றன. முன்பிருந்த குடிகளின் உரிமையை நீக்கிவிட்டுக் கொடுக்கப்பட்டது குடிநீக்கிய தேவதானம். குடிகள் தம் உழவுரிமையோடு அங்கேயே இருக்க, அந்நிலத்திலிருந்து அரசனுக்குச் சேரவேண்டிய வருவாய் மட்டும் கோயிலுக்கு மாற்றப்பட்டது குடிநீங்காத் தேவதானம். குடிநீக்கம் என்றால் மக்கள் உண்மையாகவே வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்களா, அல்லது அவர்களுடைய உரிமைநிலை மட்டும் மாற்றப்பட்டதா என்பதில் வரலாற்றறிஞர்களிடையே நெடுநாளாகக் கருத்து வேறுபாடு உண்டு. எந்தக் கருத்து சரியாக இருப்பினும், இப்பாகுபாடு இருந்தது என்பதே இங்கு எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தியாகும். இறைவனுக்கே நிலம் கொடுக்கப்பட்டபோதும், அங்கிருந்த குடிகள் நீங்கினார்களா நீங்கவில்லையா என்பதைத் தனியே எழுதி வைக்கும் அளவுக்கு அது பொருட்படுத்தத்தக்க வேறுபாடாக அன்று கருதப்பட்டது. கொடையின் நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் குடிநீக்கம் என்ற செயல் அதற்குள் கரைந்து மறைந்துவிடவில்லை.

இக்காலத்தில் குடிபெயர்ப்பை எதிர்த்து நிற்கும் ஊரார் பெரும்பாலும் முதலில் முன்வைப்பது சமயம் சார்ந்த வாதமாகும். இது எங்கள் குலதெய்வம் இருக்கும் மண், இந்தக் கோயிலைப் பெயர்க்க முடியாது என்கிறார்கள். இவ்வாதத்திற்கு மரபில் வலுவான அடித்தளம் உண்டு. சைவ மரபு ஒரு வழிபாட்டிடத்தின் சிறப்பை மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றாகப் பகுத்துக் கூறுகிறது. இறைத்திருமேனி மூர்த்தி, அது எழுந்தருளியுள்ள இடம் தலம், அங்குள்ள நீர்நிலை தீர்த்தம். வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலும் அதன் குளமும் சுற்றியுள்ள தேர்வீதிகளும் இதற்குச் சான்றாக நிற்கின்றன. அங்கு இறைவன் கருவறைக்குள் மட்டும் இருப்பதில்லை. தேர்த்திருவிழாவில் வீதிக்கு வருகிறார், வாசல்தோறும் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டும் குடும்பங்கள் அவரை எதிர்கொள்கின்றன. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் ஆளுநரே வந்து அத்தேரின் வடம்பிடித்த வழக்கம், இன்று துணைநிலை ஆளுநர் வடம்பிடிப்பதாகத் தொடர்கிறது. வீதியில் குடிகள் இல்லையெனில் தேர் ஓடுவதற்குக் காரணம் இல்லை. ஆகவே தலம் என்பது கல்லும் மண்ணும் மட்டும் ஆகாமல், அவ்விடத்தில் வாழ்வோரையும் சேர்த்தே குறிக்கிறது என்று கொள்வதில் தவறில்லை.

ஆயினும், தெய்வத்தைப் பெயர்க்கவே முடியாது என்ற வாதத்தை அப்படியே ஏற்பதற்குத் தடையாக நிற்பதும் அதே மரபுதான். திருப்பணி தொடங்குவதற்கு முன் கோயில்களில் நடைபெறும் பாலாலயம் என்ற சடங்கை நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். பாலாலயம் என்பது திருப்பணி முடியும்வரை இறைவனை எழுந்தருளச் செய்யும் தற்காலிகச் சிறு கோயில். நூல் சுற்றி, மாவிலையும் தேங்காயும் வைத்து, நீர் நிரப்பிய கும்பம் ஒன்று மூலவரின் முன் வைக்கப்படுகிறது. தருப்பைக் கயிற்றால் திருமேனியும் கும்பமும் இணைக்கப்படுகின்றன. சிவாசாரியர் மந்திரம் ஓதி, கல்லில் நிறைந்திருக்கும் இறையாற்றலைக் கும்பத்து நீருக்கு அழைக்கிறார். இதற்குக் கலாகர்ஷணம் என்று பெயர். பின்னர் அவ்வாற்றல் இறையுருவம் தீட்டப்பெற்ற அத்திப்பலகையில் நிலைநிறுத்தப்பட்டு, பணி நிறைவுபெறும் வரை அப்பலகைக்கே பூசை நடைபெறுகிறது. அதுவரை மூலவர் திருமேனி வெறும் கல்லாகவே கருதப்படுகிறது. தெய்வம் இடம்பெயரக்கூடியது என்பதை ஆகமம் ஒளிவுமறைவின்றி ஏற்றுக்கொள்கிறது.

நாட்டார் வழிபாடு இன்னும் எளிமையான வழியைக் கொண்டுள்ளது. பிழைப்பு தேடி வேற்றூர் செல்லும் குடும்பத்தார், தம் குலதெய்வம் இருக்கும் இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் துணியில் முடிந்து கொண்டுபோய், குடியேறிய ஊரில் பீடம் அமைத்து அதனடியில் இடுகிறார்கள். பிடிமண் எடுத்தல் எனப்படும் இவ்வழக்கத்தால் ஒரே தெய்வம் பல ஊர்களில் கோயில் கொண்டுள்ளது. கிறித்தவத்திலும் இத்தகைய பெயர்ச்சிக்கு வில்லியனூரே சான்று. பிரான்சின் லூர்து நகரில் 1858இல் அன்னை காட்சியளித்ததாகப் போற்றப்படும் நிகழ்வு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கடல்கடந்து வந்து வில்லியனூர் மாதா கோயிலாக நிலைபெற்றுவிட்டது. இன்று அத்திருத்தலத்துக்கு எல்லா மதத்தவரும் வருகிறார்கள்.

எனவே தெய்வமும் புனிதமும் பெயரத்தக்கவை என்பதை ஒப்புக்கொண்டே அடுத்த கேள்விக்குச் செல்ல வேண்டும். பெயர்க்க முடியும் எனில், எப்போது பெயர்க்கலாம்? இதற்கு மரபு தரும் விடை ஐயத்துக்கு இடமில்லாதது: உத்தரவு கேட்டுப் பெற்ற பிறகு. திருப்பணிச் சடங்குகளின் வரிசையில் முதலில் வருவது அனுக்ஞை. அனுக்ஞை என்பது செயலைத் தொடங்குவதற்கு முன் இறைவனிடமும் ஆசாரியரிடமும் கூடியிருக்கும் பெரியோரிடமும் இசைவு கேட்டல். இது பெறப்படாமல் கும்பம் வைக்கப்படுவதில்லை, தருப்பை கட்டப்படுவதில்லை.

அனுக்ஞை வெறும் வாய்ச்சொல்லாகிவிடக்கூடும் என்ற ஐயம் எழலாம். கல்லாய் நிற்கும் இறைவன் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? கிராமக் கோயில்களில் உள்ள பூக்கட்டிப் பார்த்தல் என்ற வழக்கம் இவ்வையத்துக்கு விடை கூறுகிறது. இரு வேறு நிறப் பூக்களைத் தனித்தனிப் பொட்டலமாக ஒன்றுபோல மடித்து, எந்த நிறம் இசைவைக் குறிக்கும் என்று முன்னதாகவே சபையில் சொல்லிவைத்து, அம்மன் காலடியில் போட்டு, விவரம் அறியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்கிறார்கள். பொட்டலம் பிரிக்கப்படும்வரை ஊர் முழுவதும் காத்திருக்கிறது. எதிர்பார்த்த பூ வராவிட்டால் பணி நிற்கிறது. என்ன குறை என்று ஆராய்கிறார்கள், நேர்த்திக்கடன் ஏதும் நிலுவையில் உள்ளதா என்று பார்க்கிறார்கள், நாளைத் தள்ளிப்போட்டு மறுபடியும் கேட்கிறார்கள். நிதி திரட்டி, தச்சரையும் கொத்தனாரையும் அமர்த்திய பின்பும் இவ்வாறு தள்ளிப்போடுவதை ஊரார் இயல்பாக ஏற்றுக்கொள்கின்றனர். மறுக்கும் வாய்ப்பு உண்மையாக இருக்கும் இடத்தில்தான் கேட்டல் என்பது கேட்டலாகிறது என்ற மெய்யியல் கருத்தை, எந்தத் தர்க்க நூலையும் படிக்காத கிராமத்துப் பூசாரி செயலில் காட்டுகிறார். ஒரு மண்டபத்தை இரண்டடி நகர்த்துவதற்குத் தெய்வத்திடம் உத்தரவு கேட்கும் சமுதாயம், ஓர் ஊரையே நகர்த்தும்போது அவ்வூராரிடம் கேட்காமல் இருப்பது, தன் சமயத்தைத் தானே பாதியில் விட்டுவிடுவதாகும்.

புதுச்சேரியின் வரலாற்றில் கேட்டலுக்கும் கேளாமைக்கும் தெளிவான எடுத்துக்காட்டுகள் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சுவா மர்த்தேன் ஆளுநராக இருந்தபோது, சேசு சபைத் துறவிகளின் வற்புறுத்தலால் இந்துக்களின் வழிபாட்டுக்குத் தடைகள் விதிக்க முற்பட்டதும், நகரத்து மக்கள் திரண்டு ஊரைவிட்டே வெளியேறப்போவதாக அறிவித்தார்கள். நெசவாளரும் வணிகரும் போய்விட்டால் துணி வாங்கி ஏற்றுமதி செய்து வாழும் பிரெஞ்சு வணிகக் கம்பெனிக்கு அங்கே வேலையில்லை என்பதால் நிருவாகம் பணிந்தது. ஆனால் 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நாட்களில், வேதபுரீசுவரர் கோயில் ஆளுநர் துய்ப்ளேக்சின் ஆட்சியில் இடிக்கப்பட்டது. துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிக இடையாளருமாக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அந்நிகழ்வைத் தம் நாட்குறிப்பில் மனவேதனையுடன் பதிவு செய்துள்ளார். நூற்றாண்டின் தொடக்கத்தில் வென்ற மக்கள் 1748இல் தோற்றதற்கான காரணங்களுள் ஒன்றை ஊகிப்பது கடினமன்று. முற்றுகைக்குள் சிக்கிய நகரில், வெளியேறிவிடுவோம் என்ற சொல்லுக்கு ஆற்றல் இல்லாமல் போயிற்று.

இதிலிருந்து ஒரு பெரிய மாற்றம் புலனாகிறது. அன்று ஆள்வோருக்கு மக்கள் தேவைப்பட்டார்கள், நிலம் தாராளமாகக் கிடைத்தது. ஆகவே போய்விடுவோம் என்பதே மக்களின் படைக்கலமாக இருந்தது. இன்று ஆள்வோருக்கும் முதலீட்டாளருக்கும் நிலம் தேவைப்படுகிறது, அதன்மேல் வாழும் மக்கள் தடையாகத் தோன்றுகிறார்கள். ஆகவே போகமாட்டோம் என்பது மட்டுமே அவர்கள் கையில் எஞ்சியுள்ளது. முன்பு மனிதர் இல்லாத நிலத்துக்கு மதிப்பில்லை. இப்போது மனிதர் இல்லாத நிலத்துக்கே மதிப்பு அதிகம். காலி மனை, வில்லங்கம் இல்லாத சொத்து என்று விளம்பரங்கள் சொல்வதன் பொருளும் இதுவே.

இம்மாற்றத்தைப் புதுச்சேரியின் ஊரகப் பகுதி நேரடியாக அனுபவித்தது. வில்லியனூர்ப் பகுதியின் வடக்கே சேதராப்பட்டு, கரசூர் பகுதிகளில் ஏறத்தாழ 750 ஏக்கர் நிலம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்காக 2000களின் பிற்பாதியில் எடுக்கப்பட்டது. சிறப்புப் பொருளாதார மண்டலம் என்பது ஏற்றுமதித் தொழில்களுக்கு வரிச்சலுகை தரும் தனிப்பகுதி. எடுக்கப்பட்ட நிலத்தில் அம்மண்டலம் வரவேயில்லை. பத்தாண்டுக்கும் மேலாக அந்நிலம் பயன்பாடின்றிக் கிடந்தது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூரில் நிகழ்வது வேறு வகை. அங்கே எவரும் அறிவிக்கை ஒட்டுவதில்லை. ஏரிப் பாசன வயல்கள் ஒவ்வொன்றாக மனைப்பிரிவாகின்றன. தென்பெண்ணையிலிருந்து பாகூர் ஏரிக்கு நீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலை வெட்டியதாக மக்கள் நினைவில் நிற்கும் பங்காரி, சிங்காரி என்ற சகோதரியரின் கதை இன்றும் சொல்லப்படுகிறது. ஆனால் அந்நீர் பாயவேண்டிய வயல்களின் பரப்பு சுருங்கிவருகிறது.

நிலப்பற்று பற்றிய மெய்யியல் வாதம் ஒன்றுக்கும் இங்கு முகங்கொடுக்க வேண்டும். வீடும் நிலமும் நிலையற்றவை, பற்றறுத்தலே வீடுபேற்றுக்கு வழி, ஆகவே மண்ணைப் பற்றிக்கொண்டு நிற்பது அறியாமை என்பது அவ்வாதம். புதுச்சேரியில் பெரிதும் போற்றப்படும் ஆயியின் கதை இதற்குத் துணையாகக் காட்டப்படலாம். விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் இவ்வழியே வந்தபோது, விளக்கொளி சூழ நின்ற ஒரு மாளிகையைக் கோயில் என்று கருதிக் கைகூப்பினார் என்றும், அது ஆயி என்னும் தாசியின் வீடு என்று அறிந்ததும் சினந்து அதை இடிக்க ஆணையிட்டார் என்றும், ஆயி தானே அதை இடித்து அவ்விடத்தில் மக்களுக்குக் குளம் வெட்டித் தர இசைவு பெற்றாள் என்றும் கதை கூறுகிறது. 19ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரப்பாளையத்து நீர் நகரத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது, அவள் நினைவாக எழுந்த ஆயி மண்டபமே இன்று பாரதி பூங்காவின் நடுவில் நிற்கிறது. புதுச்சேரி அரசின் சின்னத்திலும் அதுவே இடம்பெற்றுள்ளது.

இக்கதையை ஈகையின் கதையாகவே எல்லோரும் படிக்கின்றனர். அதை மற்றொரு முறை படித்துப் பார்ப்பது நல்லது. ஆயியிடம், வீட்டைத் தருவாயா என்று யாரும் கேட்கவில்லை. யார் கையால் இடிப்பது என்பதை மட்டுமே அவள் தேர்ந்தெடுக்க முடிந்தது. அந்தக் குறுகிய இடைவெளியிலும் தனக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பை ஊருக்கு நீராக மாற்றிய பெருமை அவளுக்கு உரியது. அப்பெருமை இடிக்க ஆணையிட்டவரின் செயலை நியாயமாக்கிவிடாது. துறவு என்பது துறப்பவர் தாமே செய்வது. பிறர் பறித்ததைத் துறவு என்று அழைத்தல் பறித்தவரின் வசதிக்காகவே. பட்டினத்தாரின் துறவைப் போற்றும் மரபு, அவர் வீட்டைப் பிறர் பூட்டிக்கொண்டு போவதைப் போற்றவில்லை. இழப்பவரிடம் பற்றறுக்கச் சொல்வோர், அதே அறிவுரையை நிலத்தைப் பெறுவோரிடம் சொல்வதில்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

நிலம் எவருக்கும் உரியதன்று என்ற கொள்கையின் மீதே கட்டப்பட்ட குடியிருப்பு ஒன்று இப்பகுதிக்கு வெகு அருகிலேயே உண்டு. 1968 பிப்ரவரி 28ஆம் நாள் தொடங்கப்பட்ட ஆரோவில், குறிப்பாக எவருக்கும் சொந்தமாகாமல் மனித குலம் முழுமைக்கும் உரியது என்பதைத் தன் சாசனத்தில் முதலாவதாகக் கூறுகிறது. அங்கேயே 2021 டிசம்பரில், மூலத் திட்டத்தில் உள்ள வட்டச்சாலையை அமைப்பதற்காக மண்வாரி இயந்திரங்கள் வந்தபோது, தாங்கள் வளர்த்த காட்டையும் கட்டடத்தையும் காக்க ஆரோவில்வாசிகள் பலர் இயந்திரங்களின் முன் நின்றார்கள். வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று, 2022இல் பணிக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டு, 2025 மார்ச் 17ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பாய ஆணையை நீக்கியது. உடைமையுணர்வைக் கடந்து வாழ முயன்றோரும், கேட்காமல் எடுக்கப்படும்போது எதிர்த்து நின்றார்கள் என்பது கொள்கைத் தவறாகாது. உடைமை வேறு, வாழும் இடத்தைப் பற்றிய முடிவில் பங்கு வேறு என்பதையே அவர்களின் எதிர்ப்பு விளக்கியது. அச்சச்சரவில் ஒரு தரப்பு நிறுவனத்தின் மூலக் கனவையும் மறுதரப்பு வாழ்ந்தோரின் கூட்டு முடிவையும் துணைக்கு அழைத்தன; இரண்டும் பொருட்படுத்தத்தக்கவையே. எனினும் கனவு எவ்வளவு புனிதமானதாயினும், அதைச் சுமந்து வாழ்வோரின் இசைவின்றி இரவில் இயந்திரம் கொண்டு நிறைவேற்றத் தக்கதன்று.

மலேசியாவின் பினாங்குத் தீவில், புவா பாலா கம்பம் என்ற தமிழர் சிற்றூர் இவ்வகையில் துயரமான எடுத்துக்காட்டு. தோட்டத் தொழிலாளராகச் சென்றோரின் வழித்தோன்றல்கள் மாடு வளர்த்து, பொங்கல் வைத்து, நகரத்தின் நடுவே ஒரு கிராமமாக வாழ்ந்த இடம் அது. அடுக்குமாடிக் குடியிருப்புக்காக நிலம் கைமாறிய பின் மக்கள் வழக்காடி நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் தோற்று, 2009இல் வீடுகள் இடிக்கப்பட்டன. ஆவணம் யார் பெயரில் இருந்தது என்பதற்கு நீதிமன்றத்தில் விடை கிடைத்தது. அங்கே எத்தனை தலைமுறை பிறந்து வளர்ந்தது என்பது அவ்வழக்கில் விடை தேவைப்படாத கேள்வியாகிவிட்டது.

தமிழ்நாட்டில் இன்று இக்கேள்வியின் முகமாக விளங்குவது காஞ்சிபுரம் மாவட்டத்து ஏகனாபுரம். சென்னையின் இரண்டாம் விமான நிலையம் பரந்தூர் வட்டாரத்தில் 13 கிராமங்களை உள்ளடக்கி அமையும் என்று 2022இல் தெரியவந்ததிலிருந்து, அவ்வூரார் வயல் வேலை முடிந்த மாலைப்பொழுதுகளில் கூடிப் போராடி, 1,000 நாட்களைக் கடந்தனர். கிராமசபைக் கூட்டங்களில் மீண்டும் மீண்டும் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றினர். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களிக்க மறுத்தனர். தீர்மானம் போடும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது, அத்தீர்மானத்துக்குக் கட்டுப்படும் கடமை எவருக்கும் இல்லை. 2014 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள நில எடுப்புச் சட்டம், தனியார் நிறுவனங்களுக்காக நிலம் எடுக்கும்போது பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் முன் இசைவையும், அரசும் தனியாரும் கூட்டாகச் செய்யும் திட்டங்களுக்கு 70 விழுக்காட்டினரின் முன் இசைவையும் கட்டாயமாக்கியது. 1894ஆம் ஆண்டின் பழைய சட்டத்தோடு ஒப்பிட இது பெரிய முன்னேற்றம். ஆனால் அரசு தானே தனக்காக எடுக்கும்போது இசைவு தேவையில்லை. மக்களின் பெயரால் ஆள்வதாலேயே மக்களிடம் கேட்க வேண்டியதில்லை என்பது இவ்விலக்கின் உட்பொருள். மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், வாழ்வாதாரம் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று கூறி, வெளியேற்றும் முன் அவர்கள் தரப்பைக் கேட்பதே நீதி என்றும் வலியுறுத்தியது. அதே தீர்ப்பு இறுதியில் வெளியேற்றத்தை அனுமதிக்கவும் செய்தது. செவிசாய்த்தல் அங்கே கடமையாயிற்று, மறுப்புக்கு மதிப்பளித்தல் கடமையாகவில்லை.

ஓர் ஊரின் மறுப்பால் பல ஊர்களின் நன்மை நின்றுபோகலாமா என்பது இக்கருத்துக்கு எதிராக எழக்கூடிய வலுவான கேள்வி. அணையும் மருத்துவமனையும் சாலையும் எங்காவது அமைந்தே ஆகவேண்டும். விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை புதுச்சேரியின் வயல்களை ஊடறுத்துத்தான் சென்றது, அதில் பயணம் செய்வோருள் நிலம் கொடுத்தோரும் உள்ளனர். இதற்கும் பூக்கட்டிப் பார்க்கும் வழக்கமே வழிகாட்டுகிறது. அங்கே மறுப்பு வந்தால் திருப்பணி என்றென்றைக்குமாகக் கைவிடப்படுவதில்லை. கேட்பவர் தம் திட்டத்தைத் திரும்பப் பார்க்கிறார். குறை எங்கே என்று தேடுகிறார், இடத்தை மாற்றுகிறார், அளவைக் குறைக்கிறார், நிலுவைக் கடனைத் தீர்க்கிறார், பிறகு மீண்டும் வந்து நிற்கிறார். மறுப்பின் பயன், திட்டமிட்டவரை மறுபடியும் சிந்திக்கவைப்பது. மறுக்க முடியாதவரிடம் கேட்பவருக்குச் சிந்திக்க வேண்டிய தேவை ஏற்படுவதேயில்லை; சேதராப்பட்டில் நிலம் முதலில் எடுக்கப்பட்டு, அதை என்ன செய்வது என்ற யோசனை பின்னர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்ததும் இதனால்தான் என்று கருத இடமுண்டு.

ஊரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லும்போது, ஊர் என்பது யார் என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். தேர்வீதியின் பெருமையைப் பேசும்போது, அவ்வீதியில் நெடுங்காலம் நுழைய விடப்படாதவர்கள் சேரியில் வாழ்ந்தார்கள் என்பதை மறைப்பது அறமாகாது. பாகூரின் நன்செயில் நாற்று நட்டுக் களையெடுத்தோரில் பெரும்பாலோருக்கு அந்நிலத்தில் பட்டா இருந்ததில்லை. நிலம் எடுக்கப்படும்போது பட்டாதாரருக்கு இழப்பீடு கிடைக்கிறது; கூலிக்காரருக்கு வேலை போகிறது. 2013இல் இயற்றப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்த அதே நில எடுப்புச் சட்டம், மூன்றாண்டு அந்நிலத்தை நம்பி வாழ்ந்த உழவுத் தொழிலாளரையும் குத்தகையாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என ஏற்றது, தாமதமாக வந்த நீதி. ஆகவே பழமையை மட்டும் காரணமாகக் காட்டி ஓர் ஊரைக் காக்க முற்படும் போராட்டம், அப்பழமை யாரையெல்லாம் வெளியே நிறுத்தியது என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, அவர்களையும் அவையில் அமர்த்திய பிறகே உத்தரவு கொடுக்கவும் மறுக்கவும் தகுதி பெறும். குடிநீங்கா உரிமை என்பது ஏரில் கைவைத்தவருக்கும் சேர வேண்டும்.

இவ்வாறு கேட்கப்பட்ட நிகழ்வு ஒன்று வில்லியனூர்க் கொம்யூனின் எல்லைக்குள்ளேயே நடந்துள்ளது. 1954 அக்டோபர் 18ஆம் நாள், கீழூர் என்ற சிற்றூரில், பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, இந்தியாவுடன் இணைவதா என்ற கேள்விக்கு வாக்களித்தனர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர், 8 பேர் எதிர்த்தனர். இரண்டு நாடுகளின் அரசுகள் பேசி முடித்திருக்கக்கூடிய ஒன்றை மக்களின் பிரதிநிதிகளிடம் கேட்டுச் செய்தார்கள் என்பதே கீழூரின் சிறப்பு. அந்த 8 வாக்குகள் எண்ணப்பட்டதும் அச்சிறப்பின் பகுதிதான். எதிர்வாக்குக்கு இடம் இல்லாத வாக்கெடுப்பை எவரும் நினைவுகூர மாட்டார்கள். அதன் பயனாகவே 1954 நவம்பர் 1ஆம் நாள் நிருவாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது.

கீழூரில் வாக்களித்தோருள் பெரும்பாலோர் கொம்யூன்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். இன்று வில்லியனூருக்கோ பாகூருக்கோ அத்தகைய உறுப்பினர்கள் இல்லை. புதுச்சேரியில் 1968க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2011இல் முடிந்தபின், பல ஆண்டுகள் கடந்தும் அடுத்த தேர்தல் நடத்தப்படாமல், கொம்யூன் பஞ்சாயத்துகள் அதிகாரிகளின் பொறுப்பில் இயங்கி வந்துள்ளன. நிலம் எடுப்போர் நாளை அறிவிக்கையுடன் வந்தால், ஊரின் சார்பில் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லத் தகுதி பெற்ற அவை அங்கே இல்லை. அந்த அவையை மக்கள் தேர்ந்தெடுப்பதற்கான தேர்தலை அரசு நடத்த வேண்டும். அதுவரை இவ்விரு கொம்யூன்களிலும் ஊர்களைப் பாதிக்கும் எந்தப் பெரிய நில எடுப்பையும் தொடங்கக் கூடாது.